பெராக்சைடு எண் 0.8 தான், ஆனாலும் முறுக்கில் சிக்கு வாடை ஏன்?

பலகாரக்கூடம்
வணக்கம். முறுக்கும் தட்டையும் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் சிறு கூடம். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய், 15 கிலோ டின். புது டின்னிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் கொடுத்ததில் பெராக்சைடு எண் 0.8, அமில எண் 0.2 என்று வந்திருக்கிறது. இரண்டும் வரம்புக்கு வெகு கீழே. ஆனால் ஒரு மாதம் தாங்க வேண்டிய முறுக்கு மூன்றாம் வாரமே சிக்கு வாடை அடிக்கிறது, கடைக்காரர்கள் திருப்பிவிடுகிறார்கள். அறிக்கை தப்பா, எண்ணெய் தப்பா? செக்குக் கடலை எண்ணெய்க்கு மாறினால் சரியாகுமா?

ஆய்வுக்குடுவை
அறிக்கை சரியாகத்தான் இருக்கும். ஆனால் அது டின்னில் இருந்த எண்ணெயைப் பற்றிய அறிக்கை. கெட்டது முறுக்குக்குள் இருக்கும் எண்ணெய். இரண்டும் வேறு வேறு.

பெராக்சைடு எண் எதை அளக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். கொழுப்பில் ஆக்சிஜன் சேர்ந்ததும் முதலில் உண்டாவது ஹைட்ரோபெராக்சைடு. அதற்கு வாசனையே கிடையாது. அது உடைந்து ஆல்டிஹைடுகளாகும்போதுதான் மூக்குக்கு எட்டும். எண்ணெய் கெடக் கெட இந்த எண் ஏறும். ஒரு கட்டத்தில் உடைவது உண்டாவதை முந்திவிடும். அப்போது எண் இறங்க ஆரம்பிக்கும். அதனால் பெராக்சைடு எண் 3 என்றால் எண்ணெய் புதுசாகவும் இருக்கலாம், உச்சத்தைத் தாண்டிக் கீழே இறங்கியதாகவும் இருக்கலாம். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து எந்தப் பக்கம் என்று சொல்ல வழியில்லை.

சுத்திகரித்த எண்ணெயில் இன்னொரு சிக்கல். வெளுப்பு மண்ணும், வாசனை நீக்கும் கோபுரத்தின் 240 டிகிரிச் சூடும் பெராக்சைடைத் துடைத்துவிடும். பழைய எண்ணெயை மறுபடி சுத்திகரித்தாலும் பூச்சியத்துக்குப் பக்கத்தில்தான் வரும். ஆனால் உடைந்து போனவற்றின் தடயம், ஆல்டிஹைடுகளை அளக்கும் அனிசிடின் எண்ணில் மிஞ்சும். ஆகவே ஆய்வகத்தில் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பெராக்சைடு எண்ணை இரண்டால் பெருக்கி அனிசிடின் எண்ணைக் கூட்டினால் வருவதுதான் டோடாக்ஸ். மீன் எண்ணெய்க்கு கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தரத்தில் இது 26க்கு மேல் போகக்கூடாது, பெராக்சைடு 5, அனிசிடின் 20. சமையல் எண்ணெய்க்குக் கோடெக்ஸ் பெராக்சைடு வரம்பு மட்டும் வைத்திருக்கிறது: சுத்திகரித்ததற்கு 10, செக்கில் ஆட்டியதற்கு 15. அந்த 10 என்பது சட்டத்தின் வாசற்படி. பலகாரம் போடப் புது டின் வாங்குபவர் 1க்குக் கீழே எதிர்பார்க்க வேண்டும்.

இனி, முறுக்கையே சோதிக்கும் முறை. 100 கிராம் முறுக்கைக் கொரகொரப்பாக உடைத்து, மூடியுள்ள குடுவையில் 200 மி.லி. பெட்ரோலியம் ஈதர் (40–60 டிகிரியில் கொதிக்கும் ரகம்) ஊற்றிக் குலுக்கி இருட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். நீரற்ற சோடியம் சல்பேட் போட்ட வடிதாளில் வடித்து, 40 டிகிரிக்கு மேல் போகாமல் சுழல் ஆவியாக்கியில் கரைப்பானை ஓட்டிவிட வேண்டும். பக்கத்தில் தீ, ஸ்பார்க் எதுவும் கூடாது. ஆய்வகத்துக்குள் மட்டும் செய்கிற வேலை இது. 25 கிராமுக்குக் குறையாமல் எண்ணெய் கிடைக்கும், சோதனைக்கு 5 கிராம் போதும். போட்ட அன்று எடுத்த முறுக்கு, ஒரு வாரம் ஆனது, மூன்று வாரம் ஆனது என மூன்றையும் கொடுங்கள். போட்ட அன்றே அனிசிடின் உயர்ந்திருந்தால் குற்றவாளி வாணலி. அன்று நன்றாக இருந்து பிறகு ஏறினால் பாக்கெட்.

வாணலி
ஆய்வகத்துக்குப் போகும் முன்னாலேயே ஒன்று சொல்லிவிடலாம்: ரகமே தப்பு. எண்ணெயின் கொழுப்பில் பல வகைக் கொழுப்பமிலங்கள் உண்டு. சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலியிக் அமிலம். ஒலியிக் என்ற இன்னொரு கொழுப்பமிலத்தைவிட அது பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஆக்சிஜனைப் பிடிக்கும். பாமோலினில் லினோலியிக் பத்தில் ஒரு பங்கு சுமார், கடலை எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு வரை போகும். பெரிய பலகாரக் கம்பெனிகள் பாமோலினைப் பிடித்துக்கொள்வதற்கு விலை ஒரு காரணம், இது இன்னொரு காரணம். உடல்நலக் கணக்கு வேறு, அதை இங்கே கலக்க வேண்டாம். மாதக்கணக்கில் அலமாரியில் நிற்க வேண்டிய பண்டத்துக்குச் சூரியகாந்தி பொருந்தாது. அதிக ஒலியிக் ரகச் சூரியகாந்தி கிடைத்தால் அது வேறு பேச்சு, அது நன்றாகவே தாங்கும்.

அடுத்தது வாணலியின் அளவு. முறுக்கு 100 கிலோ போட்டால் சுமாராக 28 கிலோ எண்ணெயைக் குடித்துக்கொண்டு போகும். வாணலியில் 10 கிலோ எண்ணெய், நாளுக்கு 40 கிலோ முறுக்கு என்றால் 11 கிலோ வெளியே போய் 11 கிலோ புது எண்ணெய் உள்ளே வருகிறது. தினமும் ஒரு முறை மொத்த எண்ணெயும் மாறிவிடும், பிரச்சனையே இல்லை. அதே ஆள் 20 கிலோ பிடிக்கும் வாணலியில் நாளுக்கு 15 கிலோ முறுக்கு மட்டும் போட்டால், மாறி முடிக்கக் கிட்டத்தட்ட ஐந்து நாள். அதற்குள் பழைய எண்ணெய் தினமும் காய்ந்து, ஆறி, மறுபடி காய்கிறது. உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வாணலியைச் சின்னதாக்கினாலே பாதிப் புகார் நிற்கும்.

இன்னும் சில:

பித்தளைச் சாரணி, பித்தளை வால்வு, செம்புப் பாத்திரம் எதுவும் சூடான எண்ணெயில் படக்கூடாது. செம்பு மிகக் கொஞ்சம் கரைந்தாலும் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடும், இரும்பைவிட மோசம். பித்தளை அச்சு மாவோடு நிற்பதால் அவ்வளவு கவலையில்லை. சாரணி மட்டும் எவர்சில்வரில் இருக்கட்டும்.

சூடு 175 முதல் 180 வரை. தீயைக் குறைக்காமல், பண்டம் போடாத வெறும் எண்ணெயைக் காயவிடுவதுதான் அதிகம் கெடுக்கும். முறுக்கு உள்ளே இருக்கும்போது எழும் நீராவி மேல்பரப்பைக் கொஞ்சமாவது காக்கிறது. காலியாகக் காயும்போது அந்தக் காப்பும் இல்லை.

வேலை முடிந்ததும் 60 டிகிரி அளவுக்கு ஆறியதும் துணியில் வடித்து, வாய் குறுகிய எவர்சில்வர் டிரம்மில் விளிம்பு வரை ஊற்றி மூடுங்கள். அகன்ற வாணலியிலேயே இரவு முழுக்க விடுவது, அவ்வளவு பரப்பையும் காற்றுக்குத் திறந்துவைப்பதுதான்.

பலகாரக்கூடம்
கணக்குப் போட்டால் எங்களுடையது இரண்டாவது வகைதான். வாணலி எண்ணெயை எப்போது கழிப்பது என்று எதை வைத்து முடிவு செய்வது? சோதனைத் தாள் என்று ஒன்று விற்கிறார்கள், மீட்டரும் இருக்கிறது. நிறத்தை வைத்துச் சொல்லலாமா?

வாணலி
நிறத்தை நம்பாதீர்கள். வெல்லம் போட்ட அதிரசம் இரண்டு ஈடு போட்டாலே எண்ணெய் கறுத்துவிடும், உள்ளே பெரிதாகக் கெட்டிருக்காது. வெறும் அரிசி மாவுப் பண்டம் போட்ட எண்ணெய் வெளுப்பாகவே இருந்து உள்ளே முற்றிப்போயிருக்கும்.

சட்டம் சொல்லும் எல்லை மொத்த போலார் சேர்மங்கள், அதாவது எண்ணெய் காயக் காய உண்டாகும் சிதைவுப் பொருட்கள், 25 சதவீதம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. பொரிக்க நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் இடங்கள் பதிவேடு வைக்க வேண்டும், கழித்த எண்ணெயை அங்கீகரித்த சேகரிப்பாளருக்குக் கொடுக்க வேண்டும். அது பயோடீசலுக்குப் போகும். தள்ளுவண்டிக்குக் குறைந்த விலையில் விற்றுவிடும் பழக்கத்தை நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு.

சோதனைத் தாள் அளப்பது தனித்த கொழுப்பு அமிலத்தை, அதாவது கொழுப்பிலிருந்து பிரிந்து நிற்கும் அமிலத்தை மட்டும். பஜ்ஜி, வடை மாதிரி ஈரம் அதிகம் விடும் பண்டத்தில் தண்ணீர் கொழுப்பைப் பிளப்பதால் அந்த எண் நன்றாக ஏறும், தாளும் உபயோகப்படும். முறுக்கு மாதிரி நீண்ட நேரம் காய்கிற வேலையில் பாலிமரும் ஆக்சிஜனேறிய கொழுப்பும்தான் முந்தும். தாள் நல்லது என்று காட்டிக்கொண்டே இருக்க, எண்ணெய் 25ஐத் தாண்டியிருக்கலாம்.

மீட்டர் மின்காப்பு மாறிலியை (மின்புலத்தில் பொருள் எவ்வளவு அசைகிறது என்ற அளவு) அளந்து போலார் சதவீதமாகக் காட்டுகிறது. கையாள வேண்டிய விதம்: பண்டத்தை எடுத்துவிட்டு, குமிழ் அடங்கும் வரை ஐந்து நிமிடமாவது காத்திருங்கள். ஒட்டியிருக்கும் நீர்த்துளி வாசிப்பை உயர்த்திவிடும், ஏனென்றால் தண்ணீரின் மாறிலி எண்ணெயைவிடப் பல மடங்கு அதிகம். எண்ணெய் 150 டிகிரிக்கு மேல் இருக்கட்டும், வாணலியின் உலோகத்தில் முனை படக்கூடாது, இண்டக்‌ஷன் அடுப்பென்றால் அணைத்துவிட்டு அளக்க வேண்டும். புது எண்ணெயின் வாசிப்பை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பாமோலின் புதிதிலேயே 6 முதல் 10 வரை காட்டும், அதில் இயற்கையாகவே டைகிளிசரைடு அதிகம். தேங்காய் எண்ணெய் சின்னச் சங்கிலிக் கொழுப்பு என்பதால் இன்னும் தள்ளிக் காட்டும், அதற்கு இந்த மீட்டரை ஆதாரமாக எடுக்க முடியாது.

மீட்டர் இல்லாத இடத்தில் கவனிக்க வேண்டியது: பெரிய குமிழ் வந்து உடைந்து அடங்காமல், சன்ன நுரை சுவரில் ஏறி நிற்பது, 180 டிகிரிக்குள்ளேயே புகைவது, வாணலி விளிம்பில் தேன் நிறத்தில் பிசின் கட்டுவது. இதில் நுரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எண்ணெய் பொங்காமல் இருக்கப் புளி உருண்டை போடும் பழக்கம் பல கூடங்களில் உண்டு. கடையில் வரும் சில பொரிப்பெண்ணெய்களில் நுரையடக்கும் சிலிக்கோனும் சேர்த்திருப்பார்கள், லேபிளில் 900ஏ என்று இருக்கும். இரண்டிலும் நுரை அடங்கும், கெடுதல் அடங்காது. கண்ணுக்குத் தெரியும் ஒரே அடையாளத்தையும் அழித்துவிட்டு எண்ணெய் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

காங்கேயம்_களம்
செக்கு எண்ணெய் பற்றிக் கேட்டிருந்தீங்க, அதுக்கு யாரும் பதில் சொல்லலை. பொரிக்கிற வேலைக்கு மாத்தாதீங்க. செக்கு எண்ணெயில் தனித்த அமிலமும் மண்டியும் இருக்கும், அதனால புகையும் சூடு குறைவு. தாளிக்க, பொடிக்கு ஊத்திக்க அருமை. நாள் முழுக்க 180ல நிறுத்தினா முதல் ஈட்டுலயே புகையும்.

நல்ல செக்கு எண்ணெய் வாங்கப் பாக்குறவங்களுக்கு: எல்லாமே விதையில தான் இருக்கு. கொப்பரை 6 சதவீத ஈரத்துக்குக் கீழ காயணும். ஒடிச்சா டப்புன்னு ஒடியணும், வளைஞ்சா ஈரம் இருக்கு. உள்பக்கம் மஞ்சளோ பச்சையோ கறுப்போ பூசணம் தட்டியிருந்தா ஆட்டக்கூடாது. கடலைப் பருப்பு 7 சதவீத ஈரத்துக்குள்ள, சுருங்கினது, நிறம் மாறினது, தோல் உரிஞ்சு உள்ள கறுத்தது எல்லாம் கையால பொறுக்கி எடுக்கணும். அஃப்ளடாக்சின்ங்கிற பூசண நஞ்சு தங்குறது இதுலதான். சுத்திகரிப்புல அல்கலிக் கரைசல் சேர்க்கும்போது அது போயிரும், செக்குல அப்படி ஒரு படி கிடையாது. வாணலிச் சூட்டுக்கும் அது அழியாது.

தண்ணி இருக்கான்னு பார்க்க: ஒரு கரண்டி எண்ணெயைச் சின்னத் தீயில காட்டுங்க. பொரிப் பொரியா சத்தம் வந்தா ஈரம் நிக்குது. அந்த எண்ணெயை வெச்சிருந்தா மண்டியில இருக்கிற நொதி வேலையைக் காட்டும், காறல் எடுக்கும். ஆட்டினதும் ரெண்டு மூணு நாள் வெயில்ல வெச்சு, ஈரம் போனதும் தெளிவை இறுத்துக்கணும். இது காலங்காலமா செய்றது.

ஆய்வுக்குடுவை
முன்னே சொன்னதெல்லாம் சரிங்க, வெயிலில் மட்டும் உடன்பாடில்லை. ஈரம் போவது உண்மை. ஆனால் சுத்திகரிக்காத எண்ணெயில் பச்சையம் மாதிரி நிறமிகள் கொஞ்சம் இருக்கும். அவை வெளிச்சத்தை வாங்கி ஆக்சிஜனை வேறொரு துடிப்பான நிலைக்குத் தூக்கிவிடும். அது சாதாரண ஆக்சிஜனைப் போலத் தொடக்க காலத் தயக்கம் எதுவும் இல்லாமல் நேரே கொழுப்போடு சேரும். மேல் திறந்த அண்டாவில் மூன்று நாள் வெயில் காட்டி எடுத்த எண்ணெயின் பெராக்சைடு எண் ஏறியிருப்பதை டைட்ரேஷனில் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனை) நேரே பார்க்கலாம்.

காங்கேயம்_களம்
வெயில்ல வெக்காம விட்டா ஈரம் நின்னு காறல் வருதே, அதுக்கு என்ன வழி? வாங்குறவங்க தெளிவா இருக்கான்னு தான் பாக்குறாங்க.

ஆய்வுக்குடுவை
சூடு வேண்டும், வெளிச்சம் வேண்டாம். அடி கூம்பாக உள்ள மூடிய எவர்சில்வர் தொட்டியில், வெயில் படும் தகரக் கூரைக்குக் கீழே நிழலில் வையுங்கள். மண்டி அடியில் இறங்கியதும் கீழ்க் குழாயில் தினமும் கொஞ்சம் இறக்கிவிட்டு, கடைசியில் வடிதுணி அழுத்தியில் ஓட்டினால் ஈரமும் கசடும் போய்விடும். கோடெக்ஸில் 105 டிகிரியில் ஆவியாகும் பொருள் 0.2 சதவீதத்துக்கு மேல் கூடாது. நல்லெண்ணெய்க்குக் கொஞ்சம் விலக்குக் கொடுக்கலாம், அதிலிருக்கும் செசாமாலும் அதன் இனமும் தாங்குதிறனைக் கூட்டுகின்றன. தேங்காய் எண்ணெயும் நிறைவுற்ற கொழுப்பு என்பதால் ஆக்சிஜனுக்கு அவ்வளவு அசையாது, அதன் பகை ஈரமும் பூசணமும். அதற்கு வெயிலால் பெரிய நஷ்டமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடலை எண்ணெய்க்குத்தான் வெயில் ஆகாது.

மளிகைக்கணக்கு
இடையில் ஒரு கேள்வி. தேங்காய் எண்ணெயை ஃபிரிட்ஜில் வைத்தால் கலப்படம் தெரியும் என்கிறார்களே, நம்பலாமா?

ஆய்வுக்குடுவை
ஒரு வகைக் கலப்படம் மட்டும் தெரியும். கண்ணாடிக் குவளையில் ஊற்றி வைத்தால் தேங்காய் எண்ணெய் உறைந்து, சூரியகாந்தியோ அரிசித் தவிட்டு எண்ணெயோ நிறையக் கலந்திருந்தால் அது திரவமாகத் தனியே நிற்கும். கலப்பு குறைவென்றால் உறைந்த கட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். இரவு முழுக்க வைத்துவிட்டால் பாமோலினும் மங்கி உறையும். அதனால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

பனங்கொட்டை எண்ணெய் கலந்தால் இந்தச் சோதனை முழுக்கத் தோற்கும், அதுவும் தேங்காய் எண்ணெயைப் போலவே உறையும். ஆய்வகத்தில்கூட அயோடின் எண் (கொழுப்பு எவ்வளவு நிறைவுறாதது என்ற அளவு) மட்டும் பார்த்தால் தப்பித்துவிடும். தேங்காய் எண்ணெயின் இந்திய வரம்பு 7.5 முதல் 10. அயோடின் எண் 8 உள்ள தேங்காய் எண்ணெய் 80 பங்கு, 18 உள்ள பனங்கொட்டை எண்ணெய் 20 பங்கு கலந்தால் 6.4 + 3.6, சரியாக 10. சட்டப்படி தேறிவிட்டது. பிடிக்க வேண்டுமானால் வாயு நிறப்பகுப்பியில் கொழுப்பமிலப் பட்டியல் எடுக்க வேண்டும். தேங்காயில் ஒலியிக் 5 முதல் 10 சதவீதம், பனங்கொட்டையில் 12 முதல் 19. கேப்ரிலிக் அமிலம் தேங்காயில் கூடுதல்.

கடலை எண்ணெயிலும் இதே கதை. வரம்பு 85–99. 92 உள்ள கடலை எண்ணெயில் 58 உள்ள பாமோலின் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் 85.2 வரும். நல்லெண்ணெய்க்குச் செய்யும் பௌடவின் சோதனையும் ‘எள் எண்ணெய் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும்: 5 மி.லி. எண்ணெய், 5 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 0.4 மி.லி. ஃபர்ஃபுரால் கரைசல், இரண்டு நிமிடம் குலுக்கினால் அமில அடுக்கு சிவக்கும். வனஸ்பதியில் 5 சதவீத எள் எண்ணெய் கட்டாயம் சேர்க்க வைத்ததே, அதை நெய்யில் கலந்தால் இந்தச் சிவப்பு காட்டிக்கொடுக்கும் என்பதற்காகத்தான். அவ்வளவு கொஞ்சத்துக்கே சிவக்கும் சோதனை, விற்கிற நல்லெண்ணெயில் பாதி வேறு எண்ணெய் என்றாலும் சிவக்கத்தானே செய்யும். கடலை எண்ணெயை ஃபிரிட்ஜில் வைத்து மங்கினால் கலப்படம் என்று பயப்படவும் வேண்டாம், அதிலுள்ள நீண்ட சங்கிலி நிறைவுற்ற கொழுப்பால் அது இயல்பாகவே மங்கும்.

மளிகைக்கணக்கு
நன்றி. கம்பு மாவு சீக்கிரம் கசப்பதும் இதே காரணமா?

ஆய்வுக்குடுவை
தொடக்கம் வேறு. கம்பில் முளைக்கரு பெரிது, கொழுப்பும் அதிகம். அரைத்ததும், கொழுப்பைப் பிளக்கும் லைபேஸ் நொதி கொழுப்போடு கலந்துவிடுகிறது. அரைக்கும் முன் கொதிநீரில் சில வினாடி முக்கி எடுத்துக் காயவைத்து அரைத்தால் நொதி அடங்கி நாள் கூடத் தாங்கும். இல்லையென்றால் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

பலகாரக்கூடம்
வாணலி சின்னதாக்கி, எண்ணெய் ரகத்தையும் மாற்றிவிடுகிறோம். பாக்கெட்டில் என்ன பார்க்க வேண்டும்? பெராக்சைடு சோதனையைக் கூடத்திலேயே செய்துகொள்ள முடியுமா?

வாணலி
பாக்கெட்: சாதாரண பாலிதீன் ஈரத்தை நிறுத்தும், ஆக்சிஜனை நிறுத்தாது. அதோடு அந்தப் பாக்கெட்டைக் கடைவாசலில் வெயில் படச் சரம் சரமாகத் தொங்கவிடுவார்கள். ஆக்சிஜன், வெளிச்சம், சூடு மூன்றும் சேர்ந்த இடம் அது. உலோகப் பூச்சுள்ள லேமினேட் போடுங்கள், முடிந்தால் நைட்ரஜன் நிரப்புங்கள். சீல் சரியா என்று பார்க்க, தண்ணீரில் முக்கி மெல்ல அழுத்திக் குமிழ் வருகிறதா பாருங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்து நமுத்துவிடும். அதற்காக இரவு முழுக்கத் தாம்பாளத்தில் திறந்து போட்டாலும் அந்த நேரமே ஆக்சிஜனுக்குப் போதும். மின்விசிறிக் காற்றில் கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் அடைத்துவிடுங்கள்.

ஆய்வுக்குடுவை
டைட்ரேஷன் வேதியியல் படித்த ஒருவர் இருந்தால் செய்யலாம். மூடியுள்ள 250 மி.லி. கூம்புக் குடுவையில் எண்ணெய் 5 கிராம். அசிட்டிக் அமிலமும் குளோரோஃபார்மும் 3:2 கலவை 30 மி.லி. பூரித பொட்டாசியம் அயோடைடு 0.5 மி.லி. சேர்த்து ஒரு நிமிடம் மட்டும் குலுக்கி, உடனே 30 மி.லி. தண்ணீர். 0.01 நார்மல் தயோசல்பேட்டை மஞ்சள் மங்கும் வரை விட்டு, ஸ்டார்ச் 0.5 மி.லி. சேர்த்து நீலம் மறையும் வரை தொடருங்கள். எண்ணெய் இல்லாமல் ஒரு வெற்றுச் சோதனையும் கட்டாயம். வாசிப்பு 2.1, வெற்று 0.1 என்றால், 2.0 × 0.01 × 1000 ÷ 5 = 4.

பிழை வரும் இடங்கள்: அயோடைடு கரைசலின் அடியில் கரையாத பளிங்கு தெரிய வேண்டும், கரைசல் மஞ்சளாகிவிட்டால் கொட்டிவிடுங்கள். ஒரு நிமிடம் மூன்று நிமிடமானால் எண் கூடும். நீலம் மறையும் முன் பலமாகக் குலுக்காவிட்டால் குளோரோஃபார்ம் அடுக்கில் அயோடின் தங்கிவிடும். மாதிரிப் பாட்டிலைப் பாதியாக நிரப்பி மேசையில் ஒரு வாரம் வைத்து அளந்தால், அந்த எண் பாட்டிலின் எண், டின்னின் எண் அல்ல. குளோரோஃபார்ம் புகை வெளியேற்றும் பெட்டிக்குள்தான் கையாள வேண்டும்.

அந்த வசதி இல்லையென்றால் இதைச் செய்யுங்கள். பழைய ரக எண்ணெயில் போட்ட முறுக்கு, புதிய ரகத்தில் போட்டது, புதியதும் லேமினேட்டும் சேர்ந்தது என மூன்று மாதிரி. ஒவ்வொன்றிலும் பாக்கெட்டுகளை 60 டிகிரி இன்குபேட்டரில் இருட்டில் வையுங்கள். தினமும் ஒரு பாக்கெட்டைப் பிரித்து, பெயர் தெரியாமல் எண் மட்டும் ஒட்டி, கூடத்தில் வேலை செய்யாத இரண்டு பேரை முகரச் சொல்லுங்கள். ஒப்பிட ஒரு மாதிரியை நன்றாக அடைத்து ஃப்ரீசரில் போட்டு வைத்திருக்க வேண்டும், முகரும் முன் அது அறைச் சூட்டுக்கு வரட்டும். அறைச் சூட்டில் எத்தனை நாள் என்று இதிலிருந்து பெருக்கிச் சொல்ல வேண்டாம். எது முதலில் கெடுகிறது, எத்தனை மடங்கு பிந்தி அடுத்தது கெடுகிறது என்பது மட்டும் போதும். புது எண்ணெயைப் பழைய டிரம்மின் மிச்சத்தின் மேல் ஊற்றாதீர்கள். அந்த மிச்சத்திலுள்ள பெராக்சைடு புதியதையும் கெடுக்கத் தொடங்கிவிடும். டிரம்மை வெந்நீரில் கழுவி, ஈரமில்லாமல் காயவைத்த பிறகே சோதனை ஈடு போடுங்கள்.